சுவர் கொடுத்தவர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எல் சால்வடோர் போன்ற மத்திய அமெரிக்க நாடுகளில் அமெரிக்கா தலையிடுவதை எதிர்த்து, 1984-இல் நியூயார்க் கேலரிகள் சேர்ந்து நடத்திய ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் கால்’ கண்காட்சிகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். எனக்கு ஒரு நெருடல். பணக்காரர்களுக்குப் படம் விற்கும் கடைகள் ஒரு மாதம் எதிர்ப்பு பேசிவிட்டு, அடுத்த மாதம் பழைய வியாபாரத்துக்குத் திரும்பிவிட்டன. மாட்டிய படங்களில் பலவற்றுக்கும் எல் சால்வடோருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இதனால் எந்தப் போர் நின்றது? இதை எப்படி அரசியல் கலை என்கிறீர்கள்?

கே., கோவை

அன்புள்ள கே.,

போர் எதுவும் நிற்கவில்லை. எல் சால்வடோரில் சண்டை ஓய்ந்தது 1992-இல். அதற்குள் சுமார் 75,000 பேர் செத்துப்போயிருந்தார்கள். படம் மாட்டிப் போரை நிறுத்திவிடலாம் என்று அதை நடத்தியவர்களும் நம்பியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சம்பந்தமில்லாத படங்கள் என்கிறீர்களே, அதற்கு 1968-க்குப் போக வேண்டும். பவுலா கூப்பர் நியூயார்க்கின் சோஹோவில் கேலரி திறந்தபோது அது பழைய தொழிற்கூடங்கள் நிறைந்த பகுதி. அங்கே அவர் வைத்த முதல் கண்காட்சியே வியட்நாம் போரை எதிர்த்த மாணவர் அமைப்புக்கு நிதி திரட்டுவதற்காகத்தான். கலை விமர்சகர் லூசி லிப்பார்ட் உள்ளிட்ட மூன்று பேர் 14 கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். டொனால்ட் ஜட், டான் ஃபிளேவின், கார்ல் ஆந்த்ரே என்று எல்லாரும் அருவக் கலைக்காரர்கள். ஒரு சிப்பாய் கிடையாது, ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. சால் லெவிட் தன் முதல் சுவர்க் கோட்டோவியத்தை வரைந்தது அங்கேதான். அந்தக் கோடுகளுக்குள் வியட்நாமைத் தேடினால் கிடைக்காது. அமைப்பாளர்களும் அதை மறைக்கவில்லை. இந்தக் கலைஞர்கள் போரை எதிர்க்கிறார்கள், அதற்காகத் தங்கள் முக்கியமான படைப்பையே தருகிறார்கள் என்று சொல்லித்தான் கண்காட்சி வைத்தார்கள். எனக்கு இது நேர்மையாகப் படுகிறது. மனசாட்சிக்காக அவசரமாகத் துப்பாக்கி வரைந்து தருவதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். கேலரி ஒரு கடைதான். வழக்கமாக விற்ற விலையில் பாதி அதற்குப் போகும். அதன் முதலீடே சுவரும் மாதமும்தான். அந்த இரண்டையும் ஒரு காரணத்துக்காக விட்டுக்கொடுப்பது சின்ன விஷயமில்லை. நம் ஊரில் கூட்டம் போட மண்டபம் தருகிறவரைப் பாருங்கள், பேசுகிறவரைவிட அவருக்குத்தான் முதலில் நெருக்கடி வரும். 1966-இல் ஸ்டீபன் ராடிச் என்ற நியூயார்க் கேலரிக்காரர் அமெரிக்கக் கொடியை வைத்துச் செய்த போர் எதிர்ப்புச் சிற்பங்களைக் காட்சிக்கு வைத்தார். அவற்றைச் செய்த மார்க் மோரல் மேல் வழக்கில்லை, சுவர் கொடுத்த ராடிச்சுக்குத்தான் தண்டனை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், அங்கே நீதிபதிகள் 4-4 என்று சரிபாதியாகப் பிரிந்து, அவர் விடுபட 1974 ஆகிவிட்டது.

1984-க்கு வந்தால், அதே லிப்பார்ட் இங்கேயும் இருக்கிறார். கூடவே நியூயார்க்கில் வாழ்ந்த சால்வடோர்க் கவிஞர் டேனியல் ஃப்ளோரஸ் இ அசென்சியோ. நியூயார்க்கில் மட்டும் 1,100-க்கும் மேற்பட்ட கலைஞர்கள், 30-க்கும் மேற்பட்ட கண்காட்சிகள். லியோ காஸ்டெல்லி, பவுலா கூப்பர், பார்பரா கிளாட்ஸ்டோன் மாதிரி விலை உயர்ந்த இடங்களும் உண்டு, தேவாலயக் கூடமும் உண்டு. க்ளேஸ் ஓல்டன்பர்க் போட்ட சுவரொட்டியில், சிலைபோல நிற்கும் உரித்த வாழைப்பழத்தைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்க்கிறார்கள். அமெரிக்கப் பழக் கம்பெனிகள் மத்திய அமெரிக்க நாடுகளில் நடத்திய ஆட்சி தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

எனக்குப் பிடித்தது பி.எஸ். 1 என்ற நியூயார்க் கலை மையத்தில் ‘குரூப் மெட்டீரியல்’ குழு வைத்த ‘டைம்லைன்’. சுவரைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு, அதன்மேல் லத்தீன் அமெரிக்காவில் அமெரிக்கா தலையிட்ட ஆண்டுகள். பெரிய கலைஞர்களின் படைப்புகளுக்கு நடுவே வாழைப்பழம், காபி, புகையிலை, பருத்தி, செம்பு. யார் வரைந்தது என்று பார்க்கப் போனவரை எதற்காகப் படை போனது என்று பார்க்க வைத்தார்கள். பிரபலங்களின் பெயரை நம்பிச் சுவரை நிரப்பிய கண்காட்சிகளால் இது முடியாது. அந்த வகையில் உங்கள் எரிச்சல் பாதி நியாயம்தான்.

இன்னொரு பலவீனமும் உண்டு. முப்பது இடங்கள் ஒன்றாக நின்றால் தனியாக ஒருவரைப் பிடித்து மிரட்ட முடியாது, கூட்டு சேர்வதில் உள்ள லாபம் அது. ஆனால் அனுதாபிகள் வீட்டுக்கு அனுதாபிகளே வந்து போனால் உரசலும் இருக்காது. உரசல் வந்தது கேலரிக்கு வெளியேதான். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு மையத்தில் கலைஞர் ஹான்ஸ் ஹாக்கே எட்டடி உயர மரப்பெட்டி ஒன்றை வைத்தார். 1983-இல் கரீபியன் தீவு நாடான கிரெனடாவுக்குள் புகுந்த அமெரிக்கப் படை கைதிகளை அடைத்த பெட்டியின் நகல். பெட்டி மேலேயே அதை எழுதியும் வைத்தார். ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ தலையங்கத்தில் தாக்கியது. நிர்வாகம் எழுத்து தெரியாதபடி பெட்டியை இருட்டு மூலைக்குத் தள்ளியது. கலைஞர்கள் திரும்பத் திரும்பச் சண்டை போட்ட பிறகுதான் அது பழைய இடத்துக்கு வந்தது.