ஒலிம்பிக் சுடரின் வயது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளின் பள்ளிக் கட்டுரைக்காக ஒலிம்பிக் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். சுடர் ஏந்தி ஓடுவது பண்டைய கிரேக்கத்திலிருந்து வரும் சடங்கு என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அது 1936இல் ஹிட்லரின் பெர்லினில் தொடங்கியது என்று இப்போது தெரிகிறது. மாரத்தான் கதையும் பிற்காலத்தில் கட்டியது என்கிறார்கள். அப்படியென்றால் இந்த மரபுகள் எல்லாமே வெறும் ஜோடனையா? ஒரு நாஜி விளம்பரத்துக்கு உலகமே இன்றும் எழுந்து நின்று கைதட்டுவதை எப்படி எடுத்துக்கொள்வது? மகள் கட்டுரையில் என்ன எழுதட்டும்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் படித்தது சரிதான். விவரங்களுக்குள் போனால் இன்னும் கசக்கும்.

1936 ஜூலை 20 அன்று, பண்டைய போட்டிகள் நடந்த கிரேக்கத்தின் ஒலிம்பியாவில், குழியாடியால் வெயிலைக் குவித்துச் சுடர் ஏற்றினார்கள். ஆடி ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்துடையது. பந்தங்களைச் செய்து கொடுத்தது க்ரூப், அதாவது பீரங்கி செய்த அதே க்ரூப். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைமாற்றிக் கைமாற்றி கிரேக்கம், பல்கேரியா, யுகோஸ்லாவியா, ஹங்கேரி, ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாகியா வழியாக அதைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாடுகளின் வரிசையை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். அடுத்த ஒன்பது ஆண்டுகளுக்குள் ஒவ்வொன்றையும் ஜெர்மனி விழுங்கியது, ஆக்கிரமித்தது, அல்லது கூட்டாளியாக்கிக்கொண்டது.

இந்த ஓட்டத்தைத் திட்டமிட்டவர் பெர்லின் போட்டியின் அமைப்புச் செயலரான கார்ல் டீம். கிரேக்கர்களிடம் தீ இருக்கத்தான் செய்தது. ஏதென்ஸில் பந்தம் ஏந்தி ஓடும் பந்தயம் நடந்தது; ஒலிம்பியாவில் ஹெஸ்டியா தேவியின் பீடத்தில் அணையாமல் தீ எரிந்தது. ஆனால் போட்டியை அறிவிக்க ஊர் ஊராகப் போனவர்கள் தூதர்கள். அவர்கள் கையில் பந்தம் எதுவும் இல்லை. டீம் இரண்டையும் ஒட்டவைத்தார். வழியில் டெல்ஃபியில் ஒரு விழா நடத்த, ஐந்து வளையங்கள் செதுக்கிய கல் பீடம் ஒன்றையும் செய்துவைத்தார். விழா முடிந்தபின் கல் அங்கேயே கிடந்தது. இருபது ஆண்டு கழித்து வந்த எழுத்தாளர்கள் அதைப் பார்த்து, வளையச் சின்னம் பண்டைய கிரேக்கர்களுடையது என்று புத்தகத்திலேயே எழுதிவிட்டார்கள்! வளையங்களை வரைந்தவர் நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிவைத்த பிரெஞ்சுக்காரர் பியேர் தெ கூபர்தான் (Pierre de Coubertin), ஆண்டு 1913. கொடியும் வீரர்களின் உறுதிமொழியும் 1920இல் ஆண்ட்வெர்ப்பில் வந்தவை. மைதானத்தில் தீ எரியவைப்பதுகூட 1928இல் ஆம்ஸ்டர்டாமில்தான் தொடங்கியது.

மாரத்தானும் அப்படித்தான். ஏதென்ஸ்காரர்கள் பாரசீகப் படையை வென்ற மாரத்தான் போரைப் பற்றி எழுதிய வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், ஃபிடிப்பிடிஸ் என்ற தூதனை ஓடச்செய்வது உதவி கேட்டு ஸ்பார்ட்டாவுக்கு. வெற்றிச் செய்தியோடு ஏதென்ஸுக்கு ஓடிவந்து விழுந்து இறந்தவனின் கதை, போர் நடந்து ஏறத்தாழ அறுநூறு ஆண்டுக்குப் பின் புளூடார்க் எழுதியதில் வருகிறது, அதுவும் வேறு பெயரோடு. அதை ஒரு பந்தயமாக்கலாம் என்று 1896 போட்டிக்கு யோசனை சொன்னவர் மிஷேல் ப்ரெயால் என்ற பிரெஞ்சு மொழியியலாளர். 42.195 கிலோமீட்டர் என்ற கணக்கு 1908 லண்டன் போட்டியில் விண்ட்சர் அரண்மனையிலிருந்து மைதானத்தில் அரச குடும்பத்தின் இருக்கை வரை அளந்து வந்தது.

ஆக, வயதைப் பொறுத்தவரை உங்கள் ஏமாற்றம் நியாயமானது. ஆனால் உங்கள் கடிதத்தில் இன்னொரு எண்ணமும் ஒளிந்திருக்கிறது: உண்மையிலேயே பழமையானதாக இருந்திருந்தால் தூயதாகவும் இருந்திருக்கும் என்பது. இதை நான் ஏற்கமாட்டேன். ஒலிம்பியாவில் ஓட்டக்களத்துக்குள் நுழையும் வழியில் வரிசையாகப் பீடங்கள் இன்றும் நிற்கின்றன. மோசடி செய்து பிடிபட்டவர்கள் கட்டிய அபராதத்தில் வைத்த ஜீயஸ் சிலைகளின் பீடங்கள் அவை. முதல் சிலைகளுக்குப் பணம் வந்தது கி.மு. 388இல் எதிராளிகளுக்கு லஞ்சம் கொடுத்து வென்ற யூபோலஸ் என்ற குத்துச்சண்டை வீரரின் வழக்கில். கி.பி. 67இல் நீரோ பத்துக் குதிரை பூட்டிய தேரிலிருந்து கீழே விழுந்து பந்தயத்தை முடிக்கவே இல்லை. ஆனாலும் ஒலிவக் கிரீடம் அவருக்கே! ஒலிம்பிக் காலத்தில் கிரேக்கம் முழுவதும் போரை நிறுத்தியது என்பதும் நாம் சேர்த்துக்கொண்டது. அந்த அமைதி உடன்பாடு முக்கியமாக, போட்டிக்கு வருகிறவர்கள் பத்திரமாக வந்துபோகவும் ஒலிம்பியாவை யாரும் தாக்காமல் இருக்கவும் செய்துகொண்டது. கி.மு. 364இல் அதுவும் நிற்கவில்லை. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே கோயில் வளாகத்துக்குள் படைகள் மோதின.

இனி சுடருக்கு வருகிறேன். 1948இல் லண்டன் போட்டி. இதைக் கைவிட அதைவிடப் பொருத்தமான தருணம் கிடையாது. குண்டு விழுந்த லண்டனுக்கு டீமின் கண்டுபிடிப்பு எதற்கு? ஆனால் அவர்கள் அதை வைத்துக்கொண்டார்கள். கிரேக்கத்தில் அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. ஒலிம்பியாவில் முதலில் ஓட நின்றவர் டிமிட்ரெலிஸ் என்ற படைவீரர். அவர் ஆயுதத்தைத் தரையில் வைத்தார், சீருடையைக் களைந்தார், உள்ளே அணிந்திருந்த ஓட்டக்காரரின் உடையோடு சுடரை வாங்கிக்கொண்டு ஓடினார். 1964இல் டோக்கியோவில் தீக்கொப்பரையை ஏற்றியவர் யோஷினோரி சகாய், பத்தொன்பது வயது இளைஞர். அவர் பிறந்தது ஹிரோஷிமா மாகாணத்தில், 1945 ஆகஸ்ட் 6 அன்று. இந்த இரண்டையும் நாஜி விளம்பரத்தின் மிச்சம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. டீம் போட்ட சட்டையை மற்றவர்கள் பிரித்து, திருப்பித் தைத்து உடுத்திக்கொண்டார்கள்.

சுடரின் புனிதத்தை ரொம்பவும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். 1956இல் சிட்னியில் மாணவர்கள் நாற்காலிக் காலுக்கு வெள்ளி வண்ணம் பூசி, தலையில் ஒரு புட்டிங் டப்பாவைப் பொருத்தி, அதில் மண்ணெண்ணெய் ஊறிய ஜட்டியைக் கொளுத்தி, மேயர் கையிலேயே கொடுத்துவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். மேயர் வாங்கிக்கொண்டு உரையையும் தொடங்கிவிட்டார். எனக்குப் பிடித்த ஒலிம்பிக் நிகழ்ச்சிகளில் இது ஒன்று.

என்னைக் கேட்டால் ஒலிம்பிக்கின் ஆகச்சிறந்த மரபும் அதே 1956இல்தான் பிறந்தது. அந்த ஆண்டு மெல்பர்ன் போட்டி நாறிக்கொண்டிருந்தது. ஹங்கேரிக்குள் சோவியத் டாங்குகள் புகுந்ததற்காக நெதர்லாந்தும் ஸ்பெயினும் ஸ்விட்சர்லாந்தும் வரவில்லை. சூயஸ் நெருக்கடிக்காக எகிப்து, ஈராக், லெபனான் வரவில்லை. தைவானைச் சேர்த்ததற்காகச் சீனா வரவில்லை. ஹங்கேரிக்கும் சோவியத்துக்கும் நடந்த வாட்டர்போலோ ஆட்டம் ரத்தத்தில் முடிந்தது. நிறைவு விழாவுக்குச் சில நாட்களே இருக்கும்போது அமைப்புக்குழுவுக்குப் பெயரில்லாத கடிதம் ஒன்று வந்தது. எழுதியவர் ஜான் இயன் விங், சீன வம்சாவளியைச் சேர்ந்த பதினேழு வயது ஆஸ்திரேலியர், தச்சுவேலை பழகிக்கொண்டிருந்தவர். நிறைவு விழாவில் நாடுவாரியாக அணிவகுக்க வேண்டாம், எல்லாரும் கலந்து ஒரே நாட்டாரைப் போல நடக்கட்டும் என்பது அவருடைய யோசனை. குழு ஏற்றுக்கொண்டது. டிசம்பர் 8 அன்று வீரர்கள் கலந்து நடந்தார்கள். இன்றும் நிறைவு விழாவில் அப்படித்தான் வருகிறார்கள்.

இதற்குப் பழமை கிடையாது, தத்துவப் பின்புலம் கிடையாது, தேவதை கிடையாது. ஒலிம்பியாவின் கல்லில் தேடினாலும் கிடைக்காது. ஒரு பையன் தபாலில் அனுப்பியது. யாரும் இதற்குக் கிரேக்க வேடம் போட்டுவிடவில்லை என்பதே எனக்கு நிம்மதி.

மகளின் கட்டுரையில் 1936ஐ மறைக்க வேண்டாம், க்ரூப் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். அதே பத்தியில் 1948இன் அந்தப் படைவீரரும் வரட்டும். இடம் மிச்சமிருந்தால் ஜான் இயன் விங்குக்குத் தனியாக ஒரு பத்தி கொடுக்கலாம். மேயர் கதையைப் பள்ளி ஆசிரியர் அடித்துவிட வாய்ப்பு உண்டு. அதை அவள் தோழிகளிடம் சொல்லிக்கொள்ளட்டும்.