தெரிந்தவர் இல்லாத பிள்ளைகள்

ஐயா,

ராஃபிள்ஸ் பிளேசில் ஒரு வங்கியில் பல ஆண்டுகளாக நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். நான் படித்த பல்கலைக்கழகம், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவருக்கு வழிகாட்டியாக இருக்கக் கேட்டது, ஒப்புக்கொண்டேன். தம்பி உட்லண்ட்ஸ்காரர். அப்பா பேருந்து ஓட்டுநர். பலதுறைத் தொழிற்கல்லூரி, தேசிய சேவை எல்லாம் முடித்து வந்தவர். சந்திக்கும்போது என் அனுபவங்களைச் சொல்வேன். தலையை மட்டும் ஆட்டுவார். கிளம்பும் நேரத்தில், "உங்கள் வங்கியில் பயிற்சி வேலை கிடைக்குமா அக்கா?" என்பார். இதற்காகத்தான் வருகிறாரா என்று மனம் கசந்துவிட்டது. சிண்டாவுக்கு (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) மாதாமாதம் என் சம்பளத்திலிருந்து பணம் போகிறது. அதோடு நிறுத்திக்கொள்ளலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செங்காங்

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பியைச் சந்திப்பதை நிறுத்தாதீர்கள். அவர் கேட்டதில் தவறே இல்லை. உங்களிடம் வேறு என்ன கேட்கலாம் என்று அவருக்கு இதுவரை யாரும் சொல்லித்தரவில்லை.

பெரியப்பா வழக்கறிஞர், சித்தி வங்கியில் மேலாளர் என்று அமைந்த வீட்டில், ஒரு பிள்ளை சாப்பாட்டு மேசையிலேயே பாதி அலுவலகத்தைப் பார்த்துவிடுகிறது. யாருக்கு ஏன் பதவி உயர்வு வந்தது, நேர்காணலில் எது எடுபடவில்லை என்பதெல்லாம் அதன் காதில் விழுந்துகொண்டே இருக்கும். உட்லண்ட்ஸ் வீட்டில் அதே உழைப்பும் ஒழுக்கமும் உண்டு. இந்தப் பேச்சு மட்டும் இல்லை. 2020க்குள் ஆண்டுதோறும் பல்கலைக்கழக வயதை எட்டுவோரில் 40 விழுக்காட்டினருக்கு முழுநேரப் பல்கலைக்கழக இடம் என்று 2012இல் அரசாங்கம் இலக்கு வைத்தது. 2014இல் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகமும் தன்னாட்சிப் பல்கலைக்கழகமானது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கப்போகிற பிள்ளைகள் பலருக்கு இப்படிக் கதவு திறந்தது. உள்ளே போன பிறகு யாரிடம் கேட்பது என்பதுதான் அவர்கள் சிக்கல்.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட கட்டுரை நினைவுக்கு வருகிறது. பாஸ்டன் நகரை அடுத்த நியூட்டனில், அறிமுகம் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், தகவல் தந்தவரை எத்தனை முறை சந்திப்பீர்கள் என்று அவர் விசாரித்தார். அடிக்கடி சந்திப்போம் என்றவர்கள் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் மட்டுமே. மற்றவர்களுக்கு உதவியவர்கள் எப்போதாவது பார்க்கும் மனிதர்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதானே! எப்போதாவது சந்திக்கும் நீங்கள் அந்தத் தம்பிக்கு அப்படிப்பட்ட மனிதர்.

சிண்டாவுக்குச் சம்பளத்துக்கேற்ப மாதம் 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை பிடிக்கிறார்கள். நல்ல காரியம், 1991இலிருந்து எத்தனையோ பிள்ளைகளின் படிப்புக்கு அது துணையாக நிற்கிறது. ஆனால் உங்கள் துறையில் ஆள் எடுக்கும் விதத்தை அந்தப் பணம் அவருக்குச் சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தலையாட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லி வளர்க்கிறோம். தன்னைப் பற்றித் தானே பேசுவதைத் தற்பெருமை என்கிறோம். அப்படி வளர்ந்த பிள்ளை உங்கள் எதிரில் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது; அதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாளை நேர்காணல் அறையிலும் இதே அடக்கத்தோடு உட்கார்ந்தால் அவரை ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான்.

அதனால் அடுத்த சந்திப்பில் உங்கள் அனுபவக் கதையை விட்டுவிடுங்கள். அவருடைய தன்விவரக் குறிப்பைக் கொண்டுவரச் சொல்லி, ஆள் எடுப்பவர் கண்ணோடு வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் செய்த திட்டப்பணியைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கக்கூடும். மேலே கொண்டுவரச் சொல்லுங்கள். மே மாதம் தொடங்கும் விடுமுறைப் பயிற்சி வேலைக்குப் பெரிய வங்கிகள் பல முந்தைய ஆண்டிலேயே விண்ணப்பம் வாங்கத் தொடங்கிவிடுகின்றன என்பதும் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் பிரிவில் அண்மையில் சேர்ந்த இளையர் இரண்டு பேரோடு அவரை மதிய உணவுக்கு உட்கார வையுங்கள். உங்களிடம் கேட்கத் தயங்குவதை அவர்களிடம் கேட்பார்.

உங்கள் வங்கியில் வேலைக்குச் சிபாரிசு செய்ய விதி இடம் தராது என்றால், அதை நேராகச் சொல்லிவிடுங்கள். மழுப்பினால்தான் அவர் ஒவ்வொரு முறையும் கேட்பார். மனச்சோர்வோ, வீட்டில் பணக் கஷ்டமோ தெரிந்தால் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசனைப் பிரிவுக்கு அனுப்புங்கள். அந்தச் சுமையை நீங்கள் தனியாகத் தூக்க வேண்டாம்.

தொடக்க விருந்தில் மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டு, பிறகு சந்திப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப்போடும் நிர்வாகிகள்மேல் எனக்குக் கோபம் உண்டு. நீங்கள் ஒவ்வொரு முறையும் போயிருக்கிறீர்கள். மனம் கசந்தும் விலகாமல் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். தன்விவரக் குறிப்போடு வரும்படி இன்றே அவருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.