பழைய வண்டியை விட மனசில்லாதவரும் அதைப் பார்த்து ஆசைப்படுபவரும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே வண்டியைச் சுற்றித்தான்: ஹோண்டா சி.பி.ஆர். 250ஆர். விற்பனையை நிறுத்திப் பல வருஷம் ஆன வண்டி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரு-ஓசூர் ரோடில் அத்திப்பள்ளி டோல் பக்கம் டீக்கடையில் கால் மணி நேரம் நின்றால் இரண்டு மூன்றாவது கண்ணில் படுகிறது. அதனால் மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணா, நான் பொம்மனஹள்ளியில் இருக்கிறேன், வேலை எலக்ட்ரானிக் சிட்டியில், சொந்த ஊர் சேலம். மாதம் இரண்டு தடவை பைக்கிலேயே ஊருக்குப் போகிற ஆள். ஆபீஸில் என் சீனியர் பதினோரு வருஷமாக சி.பி.ஆர். 250ஆர் ஓட்டுகிறார். புது வண்டி வாங்க வசதி இருந்தும் மாற்றவே மாட்டேன் என்கிறார். அவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்துவிட்டது. அவருக்குத் தெரிந்த ஒருவர் 2012 மாடல், 62,000 கி.மீ. ஓடியது, கர்நாடகா நம்பர், 85,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். அப்பாவோ "அந்தக் காசை முன்பணமாகக் கட்டிப் புது வண்டி எடுடா" என்கிறார். வாங்கலாமா?

பதில்: தம்பி, உன் சீனியர் ஏன் அந்த வண்டியை விடவில்லை என்பதை முதலில் பார்த்துவிடுவோம், உன் கேள்விக்கான பதிலும் அதற்குள்ளேதான் இருக்கிறது.

வண்டி 2011இல் இங்கே விற்பனைக்கு வந்தது. 249.6 சி.சி., ஒற்றை சிலிண்டர், கூலன்ட் ஓடுகிற இன்ஜின், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், ஆறு கியர், ஏறத்தாழ 25 குதிரைசக்தி. 390 சி.சி. வண்டிகள் 40ஐத் தாண்டிவிட்ட இந்தக் காலத்தில் இந்த நம்பரைக் கேட்டு யாரும் வாயைப் பிளக்கப் போவதில்லை. ஆனால் சேலத்திலிருந்து திரும்பி வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, சின்ன இடைவெளி கிடைத்ததும் ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிற அந்த இரண்டு வினாடி இருக்கிறதே, அங்கே இந்த வண்டி பதறாது, கியரைத் தேட வைக்காது, பேசாமல் இழுக்கும். 90, 95 வேகத்தில் நாள் முழுக்கப் போனாலும் இன்ஜின் மூச்சு வாங்குவது போல இருக்காது. பேலன்சர் ஷாஃப்ட் இருப்பதால் ஒற்றை சிலிண்டருக்கு உதறலும் குறைவு. டேங்க் 13 லிட்டர், லிட்டருக்கு முப்பதை ஒட்டிக் கிடைக்கும், நிதானமாக ஓட்டுகிறவருக்கு பெங்களூரில் நிரப்பினால் சென்னை வரை போதும்.

இன்னொன்று உட்காரும் விதம். இன்றைக்கு ஷோரூமில் போய் நின்றால் ஒரு பக்கம் மணிக்கட்டில் மொத்த பாரத்தையும் இறக்கி முதுகை வளைக்கிற ஸ்போர்ட்ஸ் வண்டிகள், மறுபக்கம் சிக்னலில் நுனிக்காலால் தரையைத் தேட வைக்கிற அட்வென்ச்சர் வண்டிகள். இரண்டுக்கும் நடுவில், முழு ஃபேரிங் (இன்ஜினைச் சுற்றி மூடுகிற பிளாஸ்டிக் உறை) போட்டு நெஞ்சில் காற்று அறையாமல், பின்சீட்டில் அம்மாவையோ மனைவியையோ ஏற்றினால் முனகல் கேட்காமல் போகிற வண்டி அப்போதும் அதிகமில்லை, இப்போதும் அதிகமில்லை. 2020இல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது இந்த மாடலை மாற்றி அமைக்காமல் அப்படியே நிறுத்திவிட்டார்கள், அதே பெயரில் அடுத்தது வரவும் இல்லை. "மாற்ற மாட்டேன்" என்கிறவர்களில் பாதிப் பேர் உண்மையில் சொல்வது "மாற்ற ஒன்றும் கிடைக்கவில்லை" என்பதுதான், பிடிவாதம் என்று நாமாகப் பெயர் வைத்துவிட்டோம்.

மீதிப் பாதிதான் உனக்கு முக்கியம். பதினோரு வருஷத்தில் அந்த மனிதருக்கு வண்டியின் ஒவ்வொரு சத்தமும் தெரியும். எந்தச் சத்தம் செயின், எது பிரேக் பேட், எதைக் கேட்டால் உடனே ஓரம் கட்ட வேண்டும், எதை அடுத்த சர்வீஸ் வரை விடலாம், எந்த மெக்கானிக் ஃபேரிங்கைக் கழற்றும்போது கிளிப்பை உடைக்காமல் கழற்றுவார் என்பது வரைக்கும். அதற்கெல்லாம் அவர் காசும் நேரமும் எப்போதோ கொடுத்து முடித்துவிட்டார், இப்போது உட்கார்ந்து அனுபவிக்கிறார். உனக்கு வரப்போவது அதே மாடல்தான், அதே வண்டி இல்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருஷம் முன்பு இப்படித்தான் நண்பர் ஒருவரின் வண்டியைப் பார்த்து மயங்கி, அதே மாதிரி பழைய ஃபேரிங் வண்டி ஒன்றை (என்ன கம்பெனி என்பது வேண்டாம், வண்டி மேல் குற்றம் இல்லை) ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் வாங்கினேன். வெளியே பளபளவென்று இருந்தது. இரண்டு வாரம் கழித்து மெக்கானிக் ஃபேரிங்கைக் கழற்றினால் உள்ளே நான்கு இடத்தில் கிளிப்புக்குப் பதில் கறுப்பு கேபிள் டை, ரேடியேட்டரின் ஒரு மூலை நசுங்கியிருந்ததை உள்ளே தள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஃபேரிங் என்பது காற்றை மட்டும் மறைப்பதில்லை தம்பி.

அதனால் பார்க்கப் போகும்போது ஃபேரிங்கைக் கழற்றிக் காட்டச் சொல், மெக்கானிக்கை உன் செலவில் கூட்டிப் போ. மறுத்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடு. "நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முந்தின நாளே சொல்லிவை, போனதும் இன்ஜின் அருகில் கையை வைத்துப் பார், சூடு இருந்தால் காலை ஸ்டார்ட்டிங்கில் ஏதோ மறைக்கிறார். நின்ற இடத்திலேயே ஓடவிட்டு ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றுகிறதா என்று காத்திருந்து பார்க்கணும், பெங்களூரு டிராஃபிக்கில் அந்த ஃபேன் இல்லாமல் சில்க் போர்டு தாண்ட முடியாது. கூலன்ட் துருப்பிடித்த தண்ணீர் நிறத்தில் இருந்தால் யாரோ குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்பு, நடுவில் ஒரு இடத்தில் பள்ளத்தில் விழுந்த மாதிரி லேசாக நின்றால் கோன்செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) மாற்ற வேண்டும். அது பெரிய செலவில்லை, விலை பேச உதவும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அவ்வளவு பழைய ரப்பரை நம்பி தொப்பூரில் இறங்காதே. வால்வு இடைவெளி எப்போது பார்த்தது என்றும் கேள், கேம்ஷாஃப்டைக் கழற்றாமலே ஷிம் (அந்த இடைவெளியைச் சரிசெய்யும் சின்னத் தகடு) மாற்றும்படி அமைத்த இன்ஜின் இது, பார்க்காமல் விட்டதற்குச் சாக்கு இல்லை. இந்த மாடலில் ஏ.பி.எஸ். (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) இருப்பதும் இல்லாததும் இரண்டும் உண்டு, என்னைக் கேட்டால் இருப்பதை மட்டும் பார்.

காகிதத்துக்கு வருவோம். 2012 வண்டி என்றால் 2027இல் ஆர்.சி.யின் 15 வருஷம் முடிகிறது. அப்புறம் ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டி ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். இருசக்கர வண்டிக்கு 300 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது, பசுமை வரி தனி. பணம் பெரிதில்லை, ஆனால் அந்த அலைச்சல் உன் தலையில் விழப்போகிறது, அதற்காக விலையைக் குறைக்கச் சொல்வதில் தப்பே இல்லை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்து, வங்கிக் கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான படிவம் 35, டிராஃபிக் போலீஸ் அபராத பாக்கி, உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், எல்லாம் பணம் கைமாறும் முன் முடியணும். இன்ஷூரன்ஸை 14 நாளைக்குள் உன் பெயருக்கு மாற்றக் கேள், பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) உனக்கு வராது.

வாங்கலாமா என்றால், உன்னிடம் இருக்கப்போகிற ஒரே வண்டி இதுதான் என்றால் வேண்டாம். திங்கட்கிழமை காலை ஆபீஸ் போக வண்டி வேண்டும், ஜே.சி. ரோடில் ஏதோ ஒரு பார்ட்ஸுக்காக அது வாரக்கணக்கில் நின்றால் உனக்கு வண்டி மேலேயே வெறுப்பு வரும். இதே குணத்தில் புதிதாக வேண்டுமானால் சுசுகி ஜிக்ஸர் எஸ்.எஃப். 250ஐ ஒருமுறை ஓட்டிப் பார், அழகில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, வேலையில் இல்லை. ஒருவேளை உன் சீனியர் தன் சொந்த வண்டியை 85,000க்குத் தருவதாகச் சொன்னால் அன்றைக்கே வாங்கிவிடு. தர மாட்டார்.

கேள்வி: என் கணவர் 2013இல் வாங்கிய அதே வண்டியை விற்க மறுக்கிறார். இந்த ஒரு வருஷத்தில் மட்டும் 28,000 ரூபாய் செலவு. விற்றுவிட்டு ஸ்கூட்டர் வாங்கலாம், எனக்கும் பையனை ஸ்கூலில் விட உதவும் என்றால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவ்வளவு செலவு செய்து வைத்திருப்பது புத்திசாலித்தனமா? (அல்சூர் வாசகி)

பதில்: அந்த 28,000க்கான பில்களை வாங்கிப் பாருங்கள், பதில் அதில் இருக்கும். இரண்டு டயர், செயின் ஸ்பிராக்கெட், கோன்செட், பிரேக் பேட் என்று இருந்தால் இதெல்லாம் வருஷா வருஷம் வருவதில்லை, அடுத்த சில வருஷத்துக்கும் சேர்த்துச் செய்தது. இரண்டு லட்சத்துக்குப் புது வண்டி எடுத்தால் முதல் வருஷத்தில் அதன் விலையில் குறைவது இதைவிட அதிகமாகவே இருக்கும், அதை யாரும் செலவு என்று எழுதி வைப்பதில்லை. பில்லில் "எக்ஸாஸ்ட்" (சத்தத்துக்காக மாற்றுகிற சைலன்சர்) என்று ஏதாவது பெரிய தொகை இருந்தால் மட்டும் அது பராமரிப்பு இல்லை, ஆசை, அதற்கு நீங்கள் சண்டை போடலாம், நான் உங்கள் பக்கம்.

விற்றால் என்ன கிடைக்கும் என்று யோசியுங்கள். கையில் வருகிற தொகை புது ஸ்கூட்டருக்குப் போதாது. போன காசை மறுபடி போட்டாலும் அதே வண்டி கிடைக்காது என்று அவருக்குத் தெரியும், அந்த இரண்டு நாள் மௌனத்துக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உங்களுக்கு ஸ்கூட்டர் தேவைதான், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் அதைத் தனிக் கணக்காக வையுங்கள். நல்ல செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டர் ஒன்று பாருங்கள், அவரையே மெக்கானிக்காக அனுப்புங்கள், இத்தனை வருஷம் பழைய வண்டி வைத்திருந்தவர் நன்றாகவே பார்த்து வாங்குவார். ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லுங்கள்: இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அவருடைய வண்டி அதற்காகச் செய்யப்பட்டது இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைக்க வேண்டாம், பெட்ரோல் குழாயும் ரப்பர் சீலும் எப்படி இருக்கின்றன என்று சர்வீஸில் பார்க்கச் சொல்லட்டும்.

கேள்வி: வேலை முடித்துத் தருகிறோம் என்று ஒர்க்‌ஷாப்பில் என் வண்டியை வாங்கி வைத்து ஏழு வாரம் ஆகிறது. பார்ட்ஸ் வருகிறது வருகிறது என்கிறார்கள். முன்பணம் 6,000 கொடுத்திருக்கிறேன். பழைய மாடல் என்றால் இப்படித்தானா?

பதில்: பார்ட்ஸ் தாமதமாவது பழைய மாடலில் சகஜம், பதில் சொல்லாமல் இழுப்பது சகஜம் இல்லை. பார்ட்ஸ் ஆர்டர் போட்டதற்கான ரசீதைக் கேளுங்கள். ஆர்டரே போடவில்லை என்றால் அதிலேயே தெரிந்துவிடும். இத்தனை நாளில் முடித்துத் தாருங்கள், இல்லையென்றால் வண்டியும் முன்பணமும் வேண்டும் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் அனுப்புங்கள், போனில் கத்துவது கணக்கில் வராது. நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. அடுத்த முறை ஜாப் கார்டில் (ஒர்க்‌ஷாப் வேலைகளைக் குறித்துத் தரும் சீட்டு) செலவு மதிப்பீடு எழுதி வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள், மாற்றிய பழைய பார்ட்ஸைத் திருப்பித் தரச் சொல்லி அதிலேயே எழுதுங்கள். தேய்ந்த பழசை வைத்து என்ன பண்ணப் போகிறீர்கள் என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

கேள்வி: 250 சி.சி. டூரிங் வண்டி என்றால் மைசூரு எக்ஸ்பிரஸ்வேயில் விடுவார்களா?

பதில்: 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வண்டிக்கு அங்கே அனுமதி இல்லை. சி.சி. கணக்கெல்லாம் கிடையாது, 1,000 சி.சி. வைத்திருந்தாலும் பக்கத்து சர்வீஸ் ரோடுதான். நான் கனகபுரா, மளவள்ளி வழியாகப் போவேன், ஆறு மணிக்கு முன் வீட்டை விட்டால் ரோடு காலியாக இருக்கும்.