மேஜிக் காளான் டிப்ரெஷனுக்கு மருந்தா? ஏற்காட்டில் கிடைக்குமா? இந்தியாவில் இதைச் சட்டப்படி அனுமதிக்க வேண்டுமா?

ஏற்காட்டில் கிடைக்குமா என்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. மற்ற இரண்டுக்கும் சொல்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. சேலத்தில் ஒரு மனநல மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். நோயாளியோடு வரும் வீட்டாரிடம் உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலையில் பாதி. கொஞ்ச காலமாக இந்தக் காளான் பேச்சு எங்கள் ஓ.பி. வரைக்கும் வந்துவிட்டது. அம்மாப்பேட்டைப் பக்கமிருந்து மகனைக் கூட்டி வந்த ஓர் அம்மா கேட்டார்: "ஏனுங்க மேடம், யூடியூப்ல பாத்துட்டுக் கொடைக்கானல் போறேங்கறான். காளான் தின்னா எல்லாம் சரியாப் போயிருமாமா. நம்ம மலையிலயே மொளைக்குமாமே, நெசமாங்களா?" பையன் செல்போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் பிடிகொடுக்காத மனச்சோர்வு அவனுக்கு. அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

மருத்துவமனைக்குள், பயிற்சி பெற்றவர்கள் மேற்பார்வையில் இந்தச் சிகிச்சை கொடுப்பதைச் சட்டம் அனுமதிக்க வேண்டும் என்பதே என் கட்சி. அந்தக் கதவு மூடியிருப்பதால்தான் இப்படிப்பட்ட பிள்ளைகள் பஸ் ஏறி மலைக்குப் போகிறார்கள்.

வேலை செய்யுமா? யூடியூப் சொல்கிற அளவுக்கு இல்லை. மேஜிக் காளான் என்பது மனமயக்கம் தரும் காளான், அதில் இருக்கும் சரக்கின் பெயர் சைலோசிபின். 1958இல் ஆல்பர்ட் ஹாஃப்மன் அதைப் பிரித்தெடுத்தார். எல்எஸ்டி என்ற போதைப்பொருளைக் கண்டுபிடித்தவரும் அவரேதான். மற்ற மருந்துகள் பலனளிக்காத 233 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. 25 மில்லிகிராம் ஒரே ஒரு தடவை எடுத்தவர்களுக்கு, ஒப்பீட்டுக்காகப் பெயரளவில் 1 மில்லிகிராம் எடுத்தவர்களைவிட மூன்றாவது வாரத்தில் மனச்சோர்வு நன்றாகவே குறைந்திருந்தது. ஆனால் மூன்று மாதம் போனபோது பலருக்கு அந்தப் பலன் நிலைக்கவில்லை, சிலருக்குத் தற்கொலை எண்ணமும் வந்தது. அதற்கு முந்தைய வருடம் 59 பேரிடம், நம் ஊர் மெடிக்கலில் சாதாரணமாக இருக்கும் எஸ்சிடாலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையோடு சைலோசிபினை ஒப்பிட்டார்கள். முக்கிய அளவுகோலில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இன்னொரு சிக்கல், தான் எடுத்தது நிஜ மருந்தா போலியா என்பது அரை மணி நேரத்தில் நோயாளிக்கே தெரிந்துவிடும். எம்டிஎம்ஏ என்ற இன்னொரு மருந்துக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி மறுத்ததற்கு இது போன்ற சந்தேகங்களும் ஒரு காரணம்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் ஆதரிக்கிறேன் என்று கேட்கலாம். எங்கள் ஓ.பி. வரிசையில் ஒரு பகுதிப் பேர் எதற்கும் சரிப்படாதவர்கள். மாத்திரை, கவுன்சலிங், ஷாக் ட்ரீட்மெண்ட் எல்லாம் பார்த்துவிட்டு, மாதாமாதம் அதே சீட்டை நீட்டுகிறவர்கள். அவர்களுக்குப் பாதிப் பலன் தரும் மருந்துகூடப் பெரிய விஷயம். ஆஸ்திரேலியா 2023 ஜூலை 1 முதல், அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும், மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சோர்வுக்கு சைலோசிபினும் பிடிஎஸ்டிக்கு (கொடுமையான அனுபவத்துக்குப் பின் வரும் மன பாதிப்பு) எம்டிஎம்ஏவும் எழுதலாம் என்று திறந்துவிட்டது. செலவு சாமானியருக்குக் கட்டுப்படியாகாது என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு நாட்டின் அரசு இதைப் பொறுப்பாகச் செய்து பார்க்க முடிகிறது.

நம் சட்டத்துக்கு வருவோம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் சைலோசிபின், எல்எஸ்டி, எம்டிஎம்ஏ மூன்றும் இருக்கின்றன. 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில், காளானை முழு எடைக்கும் போதைக் கலவையாகக் கருத முடியாது என்று சொன்னதை வைத்து "காளான் லீகல் ஆகிடுச்சு" என்று வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டார்கள். அப்படி எதுவும் ஆகவில்லை. அது எடைக் கணக்கு பற்றிய பேச்சு. உள்ளே இருக்கும் சைலோசிபின் இன்னும் பட்டியலில்தான் இருக்கிறது.

ஆனால் அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு, தடையைச் சொல்லும்போதே மருத்துவ, அறிவியல் காரியங்களுக்கு விலக்கும் வைத்திருக்கிறது. அதனால் புதிதாகப் பெரிய சட்டம் கொண்டுவரத் தேவையில்லை, விதிகளைத் திருத்தினால் போதும் என்பது என் எண்ணம். மார்ஃபின் கதையைப் பாருங்கள். 1985க்குப் பிறகு லைசென்ஸ் கெடுபிடிக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் அதை வாங்குவதையே விட்டுவிட்டன. புற்றுநோயாளிகள் வலியில் துடித்துச் செத்தார்கள். வலி நிவாரண மருத்துவர்கள் விடாமல் போராடியதால் 2014இல் திருத்தம் வந்தது, அத்தியாவசிய போதை மருந்து என்று தனிப்பிரிவு உண்டானது. மார்ஃபின் போதைப்பொருளாகவும் இருக்கிறது, மருந்தாகவும் இருக்கிறது. ஷாக் ட்ரீட்மெண்ட்டையும் 2017 மனநலச் சட்டம் ஒழித்துவிடவில்லை. மயக்க மருந்து இல்லாமல் கொடுக்கக் கூடாது, சிறுவர்களுக்கு மனநல வாரிய அனுமதி இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று வேலி போட்டது.

மேற்பார்வை என்றால் வாசலில் ஒரு நர்ஸ் நிற்பது இல்லை. ஆய்வுகளில் நடப்பது இது: முதலில் பல மணி நேரம் பேசித் தயார் செய்கிறார்கள். வீட்டில் யாருக்காவது ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு), பைபோலார் (மனநிலை ஏறி இறங்கும் நோய்) இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மருந்து கொடுத்த நாளில் ஆறேழு மணி நேரம் இரண்டு பேர் கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகும் பல நாள் பேச்சு. எங்கள் ஓ.பி.யில் ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதனால் எல்லா ஊரிலும் உடனே தொடங்கு என்று நான் கேட்கவில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ், சென்னை கீழ்ப்பாக்கம் போல இரண்டு மூன்று அரசு இடங்களில், ஆய்வாகவே தொடங்கட்டும். தனியார் ரிசார்ட்டுகளிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. ஏற்காட்டில் காட்டேஜ் எடுத்து "ஹீலிங் ரிட்ரீட்" போர்டு மாட்ட எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

கனடாவில் ஓர் எம்டிஎம்ஏ ஆய்வில், மருந்தின் பிடியில் இருந்த பெண்ணிடம் சிகிச்சையாளர்கள் அத்துமீறியது பின்னாளில் வீடியோவோடு வெளிவந்தது. அறையில் கேமரா, பெண் நோயாளிக்குப் பெண் பணியாளர், வெளியே காத்திருக்க வீட்டு மனிதர் ஒருவர், இவையெல்லாம் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

நான் அதிகம் யோசிப்பது வேறொன்றை. இதுவரை ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் மேல்நாட்டு வெள்ளையர்கள். தெய்வத்தைப் பார்த்தேன், எல்லாவற்றோடும் கரைந்துபோனேன் என்று அவர்கள் சொல்வதை ஆய்வாளர்கள் கேள்வித்தாள் வைத்து மதிப்பெண் போட்டு அளக்கிறார்கள். நாங்கள் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவில் சாமி வந்து ஆடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். சிகிச்சை அறையில் ஒருவர் செத்துப்போன அப்பாவைப் பார்த்தேன் என்று அழுதால், வீட்டார் அதைக் குணம் என்பார்களா, காத்து கருப்பு என்பார்களா? அடுத்த வாரம் பூசாரியிடம் கூட்டிப் போவார்களா? பக்கத்தில் உட்காருகிறவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும், நோயாளியின் பேச்சுத் தமிழும் புரிய வேண்டும். இங்குள்ள மக்களிடம் ஆய்வு செய்தால்தான் இது தெரியவரும். அதற்காகவும்தான் அனுமதி கேட்கிறேன்.

கேள்வி கேட்டவருக்கு ஒரு வார்த்தை. சாப்பிடுகிற மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுக் காளான் தேடிப் போகாதீர்கள். மழைக்குப் பின் முளைக்கும் சின்னப் பழுப்புக் காளான்களில் கல்லீரலைத் தின்றுவிடும் நஞ்சுள்ளவையும் உண்டு. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை எடுப்பவர்களுக்கு சைலோசிபினோடு வலிப்பு வரும் ஆபத்தும் இருக்கிறது. டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: எனக்குக் கொடுத்த டோஸ் போதுமானதா, போதுமான வாரங்கள் பார்த்தோமா, தைராய்டு பார்த்தாயிற்றா, எனக்குக் கேட்டமின் சிகிச்சை பொருந்துமா? கேட்டமின் இப்போதே இந்தியாவில் மயக்க மருந்தாக இருக்கிறது. சில மருத்துவமனைகள் கடுமையான மனச்சோர்வுக்கும் கொடுக்கின்றன. ராத்திரி நேரத்தில் மனம் தாங்காவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. இலவசம், தமிழில் பேசலாம்.