எம்மா ராணியும் ஆஸ்பத்திரி நிலமும்

அன்புள்ள சார்,

ஹவாய் தீவுகளின் தலைநகரான ஹொனலூலு பற்றிய உங்கள் குறிப்பில், ஹவாய் ராஜாவின் மனைவியான எம்மா ராணி தொடங்கிய ஆஸ்பத்திரியைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். ராஜ குடும்பத்தார் குளம் வெட்டுவதும் சத்திரம் கட்டுவதும் எல்லா ஊரிலும் நடந்ததுதானே? மக்களிடமிருந்து எடுத்ததில் ஒரு துண்டைத் திருப்பிக் கொடுத்ததற்கு இத்தனை புகழ் எதற்கு? 1885ல் இறந்துபோனவருக்கு இன்றைய ஹொனலூலுவில் என்ன வேலை?

க., ஈரோடு

அன்புள்ள க.,

உங்கள் எரிச்சலில் பாதி நியாயம் இருக்கிறது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். ஹவாயில் 1848 வரை நிலம் யாருக்கும் தனிச்சொத்து கிடையாது. அந்த வருடம் ‘மஹேலே’ என்ற பாகப்பிரிவினை நடந்தது. ராஜாவுக்கு ஒரு பங்கு, அரசாங்கத்துக்கு ஒரு பங்கு, பரம்பரைத் தலைவர்களுக்கு ஒரு பங்கு. மண்ணில் பாடுபட்ட குடிகளுக்குக் கடைசியில் வந்து சேர்ந்தது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எம்மா பிறந்தது தலைவர்கள் குடும்பத்தில். ஆகவே அவரிடம் நிலம் இருந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆனால் ஆஸ்பத்திரி தொடங்கியது அந்த நிலத்தை வைத்து அல்ல, வசூலை வைத்து. வெளியிலிருந்து வந்த நோய்களால் ஹவாய் மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. 1853ல் வந்த பெரியம்மை மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் வாரிக்கொண்டு போனது. அப்போது அங்கே மொத்த ஜனத்தொகையே எழுபதாயிரத்துச் சொச்சம்தான். ஆஸ்பத்திரி வேண்டும் என்று எம்மாவின் கணவர் நான்காம் கமேஹமேஹா சட்டசபையில் கேட்டார், பணம் வரவில்லை. சரி, நாமே போவோம் என்று ராஜாவும் ராணியும் நோட்டுப்புத்தகத்தோடு ஹொனலூலு வீதியில் இறங்கி வியாபாரிகளிடமும் குடித்தனக்காரர்களிடமும் கேட்டுக் கேட்டு எழுதி வாங்கினார்கள். ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அலைந்து 13,530 டாலர் சேர்த்தார்கள். 1859ல் ஒரு தற்காலிகக் கட்டடத்தில் 18 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி ஆரம்பித்தது, அடுத்த வருடமே சொந்தக் கட்டடம். குளம் வெட்டிய எந்த ராஜா வீடுவீடாகக் கையேந்தினார், சொல்லுங்கள்?

எம்மாவுக்கு இதில் ஏன் இத்தனை பிடிவாதம் என்றால், அவர் டாக்டர் வீட்டில் வளர்ந்தவர். அவருடைய சித்தி ஓர் ஆங்கிலேய டாக்டரை மணந்திருந்தார், அவர்கள்தான் எம்மாவைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். ஊரில் இருக்கும் நாட்களில் எம்மா அநேகமாகத் தினமும் நோயாளிகளைப் போய்ப் பார்ப்பார்.

(அந்த ஆஸ்பத்திரியின் முதல் டாக்டர் ஹில்லிபிராண்ட் ஒரு தாவரப் பைத்தியம். அவர் நட்ட மரங்கள் சில இன்னும் அந்த வளாகத்தில் நிற்கின்றன. ஆசியாவைச் சுற்றிவிட்டு வந்தபோது புழு பூச்சியைத் தின்னட்டும் என்று இந்தியாவிலிருந்து மைனாவையும் கொண்டுபோய்விட்டார். ஹொனலூலுவில் இன்று நம்மூர் மைனா கத்துவதற்கு அவர்தான் பொறுப்பு.)

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. 1862ல் எம்மாவின் நான்கு வயது மகன் போனான். ‘விண்ணேகிய தலைவன்’ என்று பொருள்படும் பெயரைச் சூடிக்கொண்டார். மறு வருடம் கணவரும் போனார். அந்தப் பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி ‘விண்ணேகிய தலைவர்கள்’ என்று பன்மையாக்கிக்கொண்டார். காலேலேயோனாலானி. இருபத்தேழு வயது. 1874ல் அரியணைக்குப் போட்டியிட்டு, சட்டசபை வாக்கெடுப்பில் 39க்கு 6 என்று தோற்றார்.

நீங்கள் கேட்ட இன்றைய வேலைக்கு வருகிறேன். உயிலில் தன் நிலங்களை ஆஸ்பத்திரிக்குச் சேரும்படி எழுதிவைத்தார். அதில் ஹொனலூலுவின் வைகிகி கடற்கரைப் பக்கம், பின்னாளில் அரசாண்ட லூனலிலோ ராஜா அவருக்கு விட்டுப்போன தோட்டமும் உண்டு. அன்றைக்கு அது ஒரு கோடைகால வீடு, இன்று ஆலமரத்தைச் சுற்றி எழும்பிய பெரிய கடைவளாகம். உலகம் முழுக்க இருந்து வந்து அங்கே செருப்பும் பையும் வாங்குகிறார்கள். அந்த இடத்தின் வாடகை ஆஸ்பத்திரிக்குப் போகிறது. ஹவாயின் மிகப் பெரிய தனியார் ஆஸ்பத்திரி இன்று அதுதான். விற்றுப் பணமாகக் கொடுத்திருந்தால் பத்து வருடத்தில் கரைந்திருக்கும். மஹேலேயில் குடிகளிடம் போகாத நிலத்தில் ஒரு பகுதி இப்படி மருந்தாகவாவது போய்ச் சேர்கிறது என்பதுதான் என் கணக்கு. நீங்கள் ‘ஒரு துண்டு’ என்றால் நான் மறுக்கவில்லை, ஆனால் அந்தத் துண்டு இன்னும் காய்க்கிறது.

இன்னொன்று, இதில் காசு இல்லை. 1871ல் காவாய் தீவில் தங்கியிருந்தபோது நூறு பேரோடு அலாகாயி சதுப்புக்காட்டுக்கு ஏறினார். மழை, குளிர், சேறு. பாட்டும் ஹுலா ஆட்டமுமாகக் கூட்டத்தைத் தேற்றிக்கொண்டே போயிருக்கிறார். அந்த மலையில் கோக்கே என்ற இடத்தில் இப்போதும் அக்டோபர் மாதம் எம்மாவாக உடையணிந்த ஒரு பெண் குதிரையில் வருவார், ஹுலாக் குழுக்கள் ஒவ்வொன்றாக எதிரே வந்து அவருக்காக ஆடும்.