கடப்பா கல் அலமாரியை இடிக்கலாமா?

கேள்வி: 1987-இல் என் மாமனார் கட்டிய வீட்டைப் புதுப்பிக்கிறோம். எங்கள் படுக்கையறை 12-க்கு 10 அடி. பத்தடிச் சுவர் ஒன்று முழுசாகக் காலி. கட்டிலின் கால்மாட்டுச் சுவரில், வெளிப்பக்கம் தள்ளிக் கட்டிய கடப்பா கல் அலமாரி, ஒன்றரை அடி ஆழம். அதை இடித்துவிட்டு, தனியாக டிரெஸ்ஸிங் ரூம் தடுக்கலாம் என்கிறாள் மகள். ஸ்லைடிங் கதவு வார்ட்ரோப் போதும் என்கிறார் கணவர். ஆசாரியோ சாதாரணக் கதவுதான் நல்லது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, மதுரை

பதில்: நான் ஆசாரி கட்சி. டேப்பை எடுங்கள், ஏன் என்று பார்த்துவிடலாம்.

ஹேங்கரில் சட்டை மாட்ட இரண்டடி ஆழம் வேண்டும். முன்னால் நின்று குனிந்து எடுக்க இரண்டரை அடி. தடுப்புச் சுவர், பூச்சு எல்லாம் சேர்த்தால் டிரெஸ்ஸிங் ரூம் ஐந்தடியை விழுங்கிவிடும். மிச்சம் 7-க்கு 10. குவீன் சைஸ் கட்டில் 5-க்கு ஆறரை அடி. எப்படிப் போட்டாலும் ஒரு பக்கம் இடிக்கும். சுவரோரம் படுப்பவர் இராத்திரி எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். மகளிடம் சாக்பீஸைக் கொடுத்துத் தரையில் கோடு போடச் சொல்லுங்கள். நீங்கள் வாதாட வேண்டியிருக்காது.

அதே சுவரில் இரண்டடி வார்ட்ரோப் மட்டும் என்றால் 10-க்கு 10 மிஞ்சும். கட்டிலுக்கு அந்தப் பக்கம் இரண்டடி, வார்ட்ரோப் பக்கம் மூன்றடி. ஒன்றரை அடிக் கதவு தாராளமாகத் திறக்கும். ஸ்லைடிங், இடமில்லாதவர்களுக்கான ஏற்பாடு. ஒரு நேரத்தில் பாதி அலமாரிதான் திறக்கும். கீழ்த் தடத்தில் சேரும் தூசியை யார் துடைப்பது என்று உங்கள் கணவரையே கேளுங்கள்.

கடப்பா கல்லை மட்டும் தொடாதீர்கள். ஒன்றரை அடியில் ஹேங்கர் நுழையாதுதான். மடித்த புடவைக்கு அது போதுமே! கல்லைக் கரையான் தின்னாது, ஈரம் பட்டால் ஊதாது. தட்டெல்லாம் சுவரில் பதிந்தவை. பிடுங்கினால் செங்கல்லும் பெயர்ந்து வரும், அந்தப் பொந்தை அடைத்துப் பூசும் செலவு வேறு. சட்டமும் கதவும் உளுத்திருந்தால் அவற்றை மாற்றுங்கள், போதும்.

காலிச் சுவருக்கு மறுபக்கம் குளியலறையா? நீங்கள் எழுதவில்லை. எங்கள் வீட்டில் அப்படியொரு சுவரில் ஒட்டியே வார்ட்ரோப் செய்தார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் திறந்தால் பின்பலகை அப்பளம் போல வளைந்திருந்தது. என் கல்யாணப் புடவையின் ஜரிகை ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்துப்போயிருந்தது. அன்றைக்கு நான் அழுத அழுகை அந்த ஆசாரிக்குத் தெரியாது. முதலில் கசிவை அடைத்து, சுவர் காய்ந்த பிறகு, இரண்டு அங்குலம் இடைவெளி விட்டுச் செய்யச் சொல்லுங்கள். பார்ட்டிகிள் போர்டு வேண்டாம். ஈரத்தில் ஊதி உதிர்ந்துவிடும். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளை, அதாவது ஈரம் தாங்கும் பிளைவுட், கேளுங்கள். பலகை வந்து இறங்கும்போதே முத்திரையைப் பார்த்துவிடுங்கள், மைக்கா ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது என்னவென்று யாருக்கும் தெரியாது.

அப்புறம், எலக்ட்ரீஷியன் சுவரைக் கொத்துவதற்கு முன்பே கட்டிலின் தலைமாடு எங்கே என்று முடிவு செய்து, அங்கே ஒரு டூ-வே ஸ்விட்சும் (வாசலில் போட்ட விளக்கைக் கட்டிலில் இருந்தே அணைக்கலாம்) ப்ளக் பாயிண்டும் கேட்டு வாங்குங்கள். பெயிண்ட் அடித்த பிறகு ஞாபகம் வந்தால் காலமெல்லாம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான்.