தெமெங்கோர் ஏரியில் படகில் இழுத்துப் பிடிக்க எந்த லூர், எப்படி வரிசை போடுவது?

கேள்வி இது: பினாங்கிலிருந்து நான்கு நண்பர்கள் பேராக் மாநிலத்துத் தெமெங்கோர் அணை ஏரிக்கு, ஓடும் படகின் பின்னால் லூரை (மீன் போன்ற செயற்கை இரை) இழுத்து மீன் பிடிக்கப் போகிறார்கள். தோமான், செபராவ் என்ற இரண்டு வேட்டை மீன்கள்தான் குறி. வெளிநாட்டு வீடியோக்களில் டவுன்ரிக்கர் (கனமான எடையால் லூரை ஆழத்துக்கு இறக்கும் கருவி), ஈயம் கோத்த தூண்டில் நரம்பு, ஆறு ராட் (தூண்டில் கம்பு) என்று காட்டுகிறார்கள். ஒரு சாதாரணப் படகுக்கு எத்தனை லூர் வேண்டும், எதை எங்கே விடுவது?

நேரடியாகச் சொல்கிறேன். இரண்டு ராட் போதும், மூன்றுக்கு மேல் வேண்டாம். 3 மீட்டர் ஆழம் போகும் மிதக்கும் லூர் (இழுத்தால் இறங்கும், நின்றால் மேலே வரும்) இரண்டு, 5 அல்லது 6 மீட்டர் போகும் மிதக்கும் லூர் இரண்டு, செபராவுக்கு 7 செ.மீ. அளவில் சின்னது ஒன்றிரண்டு. இவை எல்லாமே ஒரே வேகத்தில் ஒழுங்காக நீந்த வேண்டும். கடையில் எல்லாரும் நிறத்தில்தான் முதலில் கை வைக்கிறார்கள். வேகம், ஆழம், கரை எந்தப் பக்கம் என்ற மூன்றும் முடிவான பிறகுதான் நிறத்துக்கு வரவேண்டும்.

டவுன்ரிக்கர் தேவையில்லை. அந்த வீடியோக்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு ஏரிகளில் எடுத்தவை. அங்கே கோடையில் ட்ராவுட், சால்மன் எல்லாம் குளிர்ந்த தண்ணீர் தேடி ஆழத்துக்கு இறங்கிவிடும், அதனால் லூரையும் 20, 30 மீட்டருக்கு இறக்குகிறார்கள். நம் ஊர் அணை ஏரிகளில் கதை வேறு. காட்டை மூழ்கடித்து உண்டானவை இவை. மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் எளிதில் கலப்பதில்லை, அடியில் மரமும் இலையும் மக்குவதால் அங்கே ஆக்சிஜன் மிகக் குறைவு. இரை மீன் மேல் அடுக்கில் இருக்கிறது, வேட்டை மீனும் அங்கேதான் இருக்கும். அதோடு தோமான் விரால் இனம். காற்றை மிடறு விழுங்க அடிக்கடி மேலே வந்தாக வேண்டிய மீன் அது. 6 மீட்டருக்குக் கீழே லூர் அனுப்பினால் பெரும்பாலும் மூழ்கிய மரத்துக்குத்தான் விருந்து வைக்கிறீர்கள்.

வேகம்: தோமானுக்கு மணிக்கு 4 முதல் 5.5 கி.மீ. செபராவ் விரட்டி அடிக்கிற மீன், 6 அல்லது 7 வரை போகலாம். இரண்டையும் சேர்த்துத் தேடினால் 5.5-இல் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் ஜிபிஎஸ் போதும். காற்று பின்னாலிருந்து தள்ளும்போது த்ராட்டிலைக் குறைத்து, எதிர்க்காற்றில் கூட்டி, வேகத்தைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். எந்த லூரையும் தூர விடுவதற்கு முன் படகின் பக்கத்திலேயே 2 மீட்டர் நரம்பில் ஓடவிட்டுப் பாருங்கள். நேராக, வயிறு கீழே இருக்க, சீராக ஆட வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்து மேலே கிளம்பினால் அந்த வேகத்தை அதனால் தாங்க முடியவில்லை. அகலமான நாக்கும் (லூரைக் கீழே இறக்கும் முன்தகடு) குண்டு உடம்பும் உள்ளவை 6 கி.மீ. தாண்டினாலே இப்படிச் செய்யும், மெலிந்து நீண்டவை தாங்கும். எடுத்த லூர்களில் ஒன்று மட்டும் மெதுவான வேகம் கேட்டால் அதைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். ஒன்றுக்காக மற்றதெல்லாம் கெட்டுப்போகும்.

அடுத்தது ஆழம். பெட்டியில் போட்டிருக்கும் எண், நீளமாக நரம்பு விட்டு இழுக்கும்போது கிடைக்கும் அதிகபட்ச ஆழம். உதாரணமாக ராப்பாலா டெயில் டான்சர் டீப் 9 செ.மீ. லூருக்கு 6 மீட்டர் என்று இருக்கும், 11 செ.மீ. லூருக்கு 9 மீட்டர். தெமெங்கோருக்குச் சின்னதே போதும். 15 மீட்டர் நரம்பு மட்டும் விட்டால் அதுவும் 6 மீட்டருக்குப் போகாது. நரம்பு தடித்தால் தண்ணீரின் இழுவை கூடி ஆழம் குறையும். அதனால்தான் மெல்லிய பிரெய்ட் (பின்னல் நரம்பு) நல்லது, 30 பவுண்டு இழுவை தாங்குவது சரியான அளவு. வீட்டிலேயே பிரெய்டை அளந்து, 20 மீட்டரில் ஒரு கறுப்புப் பட்டை, 30-இல் இரண்டு, 40-இல் மூன்று என்று அழியாத மார்க்கரால் போட்டுக்கொள்ளுங்கள். மீன் அடித்ததும் எத்தனை மீட்டரில் அடித்தது என்பது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடுத்த முறை அதே இடத்துக்கு லூரைக் கொண்டுபோக முடியாது. மை இரண்டு மூன்று பயணத்தில் மங்கிவிடும், திரும்பப் போட வேண்டும்.

இப்போது வரிசை. பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். ஏரியின் நடுவில் யாரும் இழுப்பதில்லை. கரைக்கு இணையாக, 15, 20 மீட்டர் தள்ளி, சரிவு இறங்கும் கோட்டை ஒட்டிப் போவோம். கரைப்பக்கம் ஆழம் குறைவு, ஏரிப்பக்கம் அதிகம். ஆகவே கரைப்பக்க ராடில் 3 மீட்டர் லூர், ஏரிப்பக்க ராடில் 6 மீட்டர் லூர். கரைப்பக்கம் 35 மீட்டர் நரம்பு, ஏரிப்பக்கம் 25 மீட்டர். நீளத்தில் வித்தியாசம் இருந்தால் வளைவில் ஒன்றோடொன்று சிக்காது. ராடுகள் இரண்டும் படகுக்குக் குறுக்காக வெளியே நீட்டி இருக்கட்டும், லூர்களுக்கு நடுவே இடைவெளி கிடைக்கும்.

அந்தக் கரை முடிந்து படகைத் திருப்பி அதே வழியில் வரும்போது என்ன ஆகும்? இடதுபுறம் இருந்த கரை வலதுபுறம் வந்துவிடும். 6 மீட்டர் லூர் இப்போது கரைப்பக்கம், நேராக மரக்கட்டைகளுக்குள் போகும். மேலோட்டமான லூரோ ஆழத் தண்ணீரின் மேலே சும்மா ஓடும். திரும்பும்போதெல்லாம் சுருட்டி ராடை மாற்றிப் போட வேண்டும். அதைவிடச் சுலபமான வழி, தீவைச் சுற்றுவது. தீவு எப்போதும் இடதுபுறமே இருக்கிறபடி சுற்றினால் வரிசையை மாற்றவே வேண்டாம். தெமெங்கோரில் தீவுக்குப் பஞ்சமில்லை. நீட்டிக்கொண்டிருக்கும் மூலைகள், ஓடை வந்து விழும் வாய்கள், பாறை செங்குத்தாக இறங்கும் இடங்கள் ஆகியவற்றை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வேறு தூரத்தில் கடந்து பாருங்கள். ஓடும் தண்ணீர் கலக்கும் ஓடை வாய்களில்தான் செபராவ் அதிகம்.

மூன்றாவது ராட் வேண்டுமென்றால் படகின் நடுவிலிருந்து, 45 மீட்டர் தள்ளி, மேலோட்டமாக ஓடும் 7 செ.மீ. லூர். விடும்போது அதுதான் முதலில் போக வேண்டும், பிறகு கரைப்பக்கம், கடைசியில் ஏரிப்பக்கம். எல்லாம் விட்டு முடியும்வரை படகு நேராகவே போகட்டும். நான்கு பேர் போகிறீர்கள் என்பதற்காக நான்கு ராட் போடாதீர்கள். ஒருவர் படகை ஓட்ட, இருவர் ராட் பார்க்க, ஒருவர் வலையோடு இருக்கலாம், முறை மாற்றிக்கொள்ளலாம்.

நேராகவே ஓட்டாமல் மெல்ல வளைந்து வளைந்து போனால் இலவசமாக ஒரு தகவல் கிடைக்கும். வளைவின் உட்புற லூர் வேகம் குறைந்து மேலே எழும், வெளிப்புற லூர் வேகம் கூடும். அடி வெளிப்புற லூரில் விழுந்தால் மீன் இன்னும் வேகம் கேட்கிறது, உட்புறத்தில் விழுந்தால் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறது. அரை கி.மீ. கூட்டியோ குறைத்தோ பாருங்கள். மூழ்கும் வகை லூரை இங்கே தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான். வேகம் குறைந்த நொடியில் அது கீழே விழுந்து கட்டையில் மாட்டும். மிதக்கும் வகை மேலே வந்துவிடும்.

ராடின் நுனியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். லூர் ஒழுங்காக ஓடினால் நுனி சீராகத் துடிக்கும். துடிப்பு நின்றால் இலையோ சுள்ளியோ மாட்டியிருக்கிறது, உடனே சுருட்டிப் பாருங்கள். குப்பையோடு அரை மணி நேரம் இழுத்தாலும் ஒன்றும் அடிக்காது.

லூர் ஒரு பக்கமாகவே ஓடினால் மூக்கிலுள்ள கம்பி வளையத்தைத் திருத்தலாம். லூரின் மூக்கு உங்களைப் பார்க்கப் பிடியுங்கள். உங்களுக்கு இடதுபுறமாக ஓடுகிறதென்றால் வளையத்தைக் குறட்டால் உங்கள் வலதுபுறமாக மயிரிழை அளவு வளையுங்கள். வளைக்க வேண்டும், திருகக் கூடாது. திருகினால் பால்சா மரத்திலிருந்து கம்பி தளர்ந்துவிடும். ஒருமுறை வளைத்து, ஓடவிட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொருமுறை.

கொக்கி விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். நன்னீர் லூர்களோடு வரும் மெல்லிய ட்ரெபிள் (மூன்று முனை) கொக்கியைப் பெரிய தோமான் நிமிர்த்திவிடும். கொக்கியையும் அதை லூரில் மாட்டும் வளையத்தையும் தடித்ததாக மாற்றுங்கள். ஆனால் எடை கூடும், மிதக்கும் லூர் மூழ்கும் லூராகிவிடலாம். மாற்றியதும் ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி விட்டுப் பாருங்கள், சட்டென்று மேலே வர வேண்டும். மந்தமாக வந்தால் ஒரு அளவு சின்னக் கொக்கி. தோமான் பல் பட்டுப் பெயின்ட் உடைந்த பால்சா லூர் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். நன்றாகக் காயவைத்து, நிறமில்லாத நகப்பூச்சால் ஓட்டையை அடைத்துவிட்டால் மறுபடி உழைக்கும்.

லீடர் (பிரெய்டுக்கும் லூருக்கும் நடுவே கட்டும் தனி நரம்பு) 50 அல்லது 60 பவுண்டு, 80 செ.மீ. நீளம். தோமான் மட்டுமே குறி என்றால் லூருக்கு முன் 20 செ.மீ. கம்பி லீடர் சேர்க்கலாம். செபராவுக்குக் கம்பி வேண்டாம், லூரின் ஆட்டம் குறையும். லூரை மாட்டச் சின்ன உருண்டை ஸ்னாப் (திறந்து மூடும் கம்பி மாட்டி) போதும். மூக்கில் கனமான சுவிவல் (சுழலும் இணைப்பு) தொங்கினால் லூரின் ஓட்டம் கெட்டுவிடும்.

நிறம்: தெளிந்த தண்ணீரில் வெள்ளி, பச்சை முதுகு. மழை பெய்து தேநீர் நிறமானால் தங்கம், ஆரஞ்சு வயிறு, பச்சை மஞ்சள் கலந்த பளிச். மாலை மங்கும்போது கறுப்பு முதுகு அல்லது சிவப்புத் தலை வெள்ளை உடம்பு. ஒரே நேரத்தில் நிறம், ஆழம் இரண்டையும் மாற்றாதீர்கள். எதனால் அடித்தது என்று தெரியாமல் போகும்.

அடி விழுந்ததும் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டாம். தோமான் முதல் ஓட்டத்திலேயே கட்டைக்குள் புகப் பார்க்கும். படகை ஏரிப்பக்கம் திருப்பி ஐந்தாறு வினாடி அதே வேகத்தில் இழுத்து, மீன் ஆழத் தண்ணீருக்கு வந்ததும் கியரை எடுத்து நியூட்ரலில் வையுங்கள். மற்ற ராடுகளை அதற்குள் சுருட்டிவிட வேண்டும். டிராக் (மீன் இழுத்தால் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கம்) 3 கிலோவுக்குள் இருக்கட்டும், தராசில் இழுத்துப் பார்த்து வையுங்கள். ஓடும் படகின் இழுவையும் சேர்ந்துகொள்வதால் அதற்கு மேல் வைத்தால் கொக்கி வாயைக் கிழித்துக்கொண்டு வரும்.

கட்டையில் மாட்டினால் வெட்டி இழுக்காதீர்கள். கியரை எடுத்து நரம்பைத் தளரவிட்டுப் பத்து வினாடி காத்திருந்தால் மிதக்கும் லூர் பலமுறை தானாக விடுபடும். வராவிட்டால் கட்டையைத் தாண்டி மறுபுறம் போய், வந்த திசைக்கு எதிராக இழுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நரம்பில் வளையம் போட்டு 100 கிராம் ஈயத்தை இறக்கி, லூரின் மூக்கில் தட்டத் தட்ட ஆட்டுங்கள். பிரெய்டைக் கையில் சுற்றி மட்டும் இழுக்கவே கூடாது, விரலை அறுத்துவிடும். படகில் வைத்திருக்கும் ஒரு கட்டைத் துண்டில் சுற்றி இழுங்கள்.

தண்ணீர் மேலே சிவப்பாகத் தோமான் குஞ்சுக் கூட்டம் கொப்பளித்தால் அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கின்றன. அந்த இடத்தைச் சுற்றிப் போய்விடுங்கள். பெற்றோரைத் தூக்கிவிட்டால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் விரைவில் தின்று தீர்த்துவிடும்.

ஏரியைக் கடக்கும் பண்டிங் பாலத்துக்கு வடக்கே ரோயல் பெலும் மாநிலப் பூங்கா தொடங்குகிறது. அங்கே நுழைய அனுமதிச் சீட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டும். படகுக்காரரிடம் பேசும்போதே எந்தப் பக்கம் போகப் போகிறீர்கள் என்று சொல்லி, பெயர்ப் பட்டியலையும் அடையாள அட்டை எண்களையும் கொடுத்துவிடுங்கள். கூடவே அவர் படகு மெதுவான கியரில் மணிக்கு எத்தனை கி.மீ. ஓடும் என்றும் கேளுங்கள். சில பெரிய எஞ்சின்கள் 6-க்குக் கீழே இறங்கவே இறங்காது. அப்படியானால் அகல நாக்கு லூர்களை வீட்டிலேயே வைத்துவிட்டு மெலிந்தவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.